என் முறைக்கு வந்த பாட்டு

எங்கள் பாட்டுக் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் போர்டு வைக்க வேண்டும், போர்டு வைத்தால் தலைவர் வேண்டும், தலைவர் வந்தால் சண்டை வரும் என்று நர்சம்மா சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சரி. எங்கள் குப்பத்தில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவரைப் பார்த்தால் சட்டைக் கையைத் தூக்கிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

எங்களுடையது ஏரிப் பக்கத்துக் குப்பம். பாலம் தாண்டினால் லைட்ஹவுஸ் குப்பம், அங்கே கடல். நாங்கள் ஏரியில் இறால் பிடிக்கிறவர்கள். கிறிஸ்துமஸ் வந்தால் மாதா கோயில் ஆட்கள் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போவார்கள். முன்னால் நர்சம்மா போவார். ஒரு வருஷம் எங்கள் அம்மன் கோயில் தெருப் பெண்களும் பின்னாலேயே நடந்தார்கள். பாடுவது பிடித்துப்போயிற்று. பண்டிகை முடிந்தும் விட மனசில்லை. யார் சாமியும் வேண்டாம், ஏரியைப் பற்றி, நண்டைப் பற்றி நாமே பாட்டுக் கட்டிக்கொள்ளலாம் என்று நர்சம்மா சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வலை காயப்போடுகிற மணலில் கூடுவார்கள்.

என் மனைவி முதல் நாளிலிருந்து அதில் இருக்கிறாள். நான் அவளைக் கூட்டிப்போக வண்டியோடு நிற்பேன். அப்படி நிற்கும்போது ஒரு நாள் நர்சம்மா என்னைப் பார்த்தார்.

"தம்பி, அங்க நிக்கறதுக்கு இங்க வந்து நில்லேன். நெழலாச்சும் கெடைக்கும்."

போய் நின்றேன். ஆண்கள் வரிசையில் ஆள் குறைவு. எல்லோரும் பாடும்போது நானும் வாயை அசைத்தேன். கொஞ்ச நாளில் சத்தமும் வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதும். கூட்டத்தோடு பாடும்போது யார் குரல் எது என்று தெரியாது. தண்ணீரில் பத்துப் பேர் இறங்கிக் கயிறு பிடித்தால் நம் கை பாரம் நமக்குத் தெரியாதே, அது போல.

இப்போது என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் பொன்னேரி காலேஜில் படித்தாள். கூடப் படித்த பையனைக் கட்டிக்கொண்டாள். பையன் நல்ல பையன். பொன்னேரிக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர், நெல் போடுகிற குடும்பம். கல்யாணம் பொன்னேரியில் கோயிலில் நடந்தது. அவர்கள் ஆட்களும் வந்தார்கள், எங்கள் ஆட்களும் வந்தார்கள். சாப்பிட்டார்கள், போனார்கள். சண்டை எதுவும் இல்லை. ஆனால் அவள் மாமனார், என் சம்பந்தி, எங்கள் வீட்டு வாசலை அதுவரை மிதிக்கவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை. அவரும் என்னைப் போலத்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் மின்விசிறி சத்தம் மட்டும்தான் கேட்கும்.

மகள் மாசமாக இருந்தாள். எங்களில் வளைகாப்பு தாய்வீட்டில். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைக் கூட்டிவந்து, வளையல் போட்டு, சாப்பிட்டு, பிரசவத்துக்கு விட்டுவிட்டுப் போவார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக்கொண்டு நானும் மனைவியும் அவள் தம்பியும் அழைக்கப் போனோம். மனைவி பேசினாள். மச்சினன் பேசினான். டீ கொடுத்தார்கள், குடித்தேன். வந்துவிட்டோம்.

இரண்டு நாள் கழித்து மகள் போன் செய்தாள்.

"நைனா, எங்க மாமனாரு இன்னா சொல்றாரு தெரியுமா? 'உங்கப்பா வந்தாரு, டீ குடிச்சாரு, போயிட்டாரு. கூப்ட்டாரா?'ன்றாரு."

"உங்கம்மா கூப்ட்டாளே."

"அம்மா கூப்ட்டாங்க. மாமன் கூப்ட்டாரு. நீ கூப்ட்டியா?"

"கூட வந்தேன் இல்ல."

"கூட வந்தா கூப்ட்டதா? அவரு ஒன் வாயால ஒரு வார்த்தை எதிர்பாக்கறாரு. அவரு வராம அவரு புள்ளையோட மட்டும் நான் எப்பிடி வருவேன்? நாளைக்கு அந்த ஊட்லதான் நான் குடும்பம் பண்ணணும்."

அவள் அழவில்லை. என் மகள். ஆனால் குரல் கொஞ்சம் கீழே போயிற்று. நான் "சரி" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

ஒரு வார்த்தைதான். வாங்க என்று சொல்ல வேண்டும். அதற்காகத் திரும்ப ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போய் நிற்பதா, போனில் சொல்வதா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். போன் எடுப்பேன், வைப்பேன். மனைவி பார்த்துவிட்டு, "அது இன்னா நண்டா? கடிக்குமா?" என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் நர்சம்மா பூங்கா சேதியோடு வந்தார். பொன்னேரியில் பூங்கா இருக்கிறது. ஒரு ஞாயிறு சாயங்காலம் அங்கே பாட அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மைக் கூடாது. கேட் மூடும் முன் முடிக்க வேண்டும். அவ்வளவுதான் கட்டளை. பெண்கள் அன்றைக்கே என்ன சேலை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நாங்கள் கட்டிய பாட்டில் ஒன்று ஏரிப் பாட்டு. ஒருவர் முன்னால் நின்று ஒவ்வொரு அடியையும் தனியாக எடுக்க வேண்டும். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பூங்காவில் யார் எடுப்பது என்று கேள்வி வந்தது. நல்ல குரல் இரண்டு பெண்களுக்கு. இரண்டு பேரும் "அவளே பாடட்டும்" என்றார்கள். சொன்ன விதத்தைப் பார்த்தால் வாரம் போவதற்குள் முடியைப் பிடித்துக்கொள்வார்கள் போல் இருந்தது.

என் மச்சினன் சொன்னான். "இன்னாத்துக்கு பேஜாரு? சீட்டுப் போடுங்க. மொற வெச்சிக்கலாம்."

நர்சம்மா சிரித்தார். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார். "சரி போடுங்க" என்றார். அவர் வெளியூரில் பிறந்தவர். இத்தனை வருஷம் எங்களோடு இருந்தும் இந்த ஒன்று அவருக்குப் பிடிபடவில்லை.

ஏரியில் இறால் நிறைய வருகிற இடம் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அங்கேயே வலை இறக்கினால் வெட்டுக்குத்துதான். அதனால் முறை. ஊர் கூடிச் சீட்டு எடுப்போம். இந்த இடம் இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. சீட்டில் வந்த முறையை யாரும் பிடுங்க முடியாது. வேண்டாம் என்று தள்ளவும் முடியாது. உன் வலை சிக்கினால் மற்றவன் பக்கத்தில் வந்து நிற்கலாம், யோசனை சொல்லலாம். தன் வலையை அங்கே இறக்கக் கூடாது. தகராறு வந்தாலும், கல்யாணம் வந்தாலும், கட்சி வந்தாலும் இது மாறாது. எங்கள் பிள்ளைகள் நடக்கப் பழகியதும் பழகுவது இதுதான்.

பெயர்களைக் காகிதத்தில் எழுதிச் சுருட்டி ஒரு சொம்பில் போட்டார்கள். என் பெயரையும் போட்டார்கள். போடாதே என்று சொன்னால் நான் கூட்டத்தில் இல்லை என்று ஆகிவிடும். நர்சம்மாவே கைவிட்டு ஒன்றை எடுத்தார். பிரித்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரி, தமாஷ் போதும்" என்றார் நர்சம்மா. "இன்னொரு சீட்டு எடுக்கலாம்."

யாரும் சொம்பை நீட்டவில்லை. அந்த நல்ல குரல்காரப் பெண்கள் இரண்டு பேரும் மண்ணைப் பார்த்தார்கள்.

"நர்சம்மா, அது ஆவாது" என்றான் மச்சினன்.

"இன்னாடா ஆவாது? இவரு பாடி யாராச்சும் கேட்டிருக்கீங்களா? பேசியே கேட்டதில்லையே!"

"இருந்தாலும் மொற அவர்து."

நர்சம்மா என் மனைவியைப் பார்த்தார். அவள் எனக்காகப் பேசுவாள் என்று எதிர்பார்த்தார் போல. மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "மொற வந்தாச்சில்ல? வுடுங்க" என்றாள்.

அப்படி அது என் தலையில் விழுந்தது.

பழகினேன். வேறு வழி இல்லை. மச்சினனும் நானும் ஒரே தோணி. விடிகிற நேரத்தில் ஏரி நடுவில் கம்பு ஊன்றி நிறுத்திவிட்டுப் பாட்டை எடுத்துப் பார்ப்பேன்.

*உப்புத் தண்ணி ஒரு பக்கம்*
*நல்ல தண்ணி ஒரு பக்கம்*
*ரெண்டுங் கூடுற எடத்துல*
*நம்ம தோணி நிக்குது*

பாட்டு இவ்வளவுதான். அதற்கு மேல் நண்டு, நாரை, மேகம் என்று மூன்று அடுக்கு வரும். வார்த்தை மறக்காது. குரல்தான் எங்கே போகும் என்று தெரியாது. ஏரியில் நாங்கள் ஒரு தோணியிலிருந்து இன்னொரு தோணிக்குக் கத்திப் பழகியவர்கள். எடுத்தால் உச்சிக்குப் போய்விடும்.

"மாமா," என்றான் மச்சினன், "எறாலுக்கு காது கீதா?"

"தெரியல."

"இருந்தா இன்னிக்கி ஒண்ணு கூட வராது. ஆந்திராவுக்குப் போயிருக்கும்."

அன்றைக்கு இறால் நன்றாகத்தான் கிடைத்தது. அவன் அதற்கும் விடவில்லை. "தப்பிச்சிப் போவலாம்னு வலைக்குள்ள பூந்துச்சி" என்றான்.

ஞாயிறுகளில் நர்சம்மா என்னை முன்னால் நிறுத்திக் கையைக் காட்டுவார். கை ஏறினால் ஏற வேண்டும், இறங்கினால் இறங்க வேண்டும். கடைசியில் விரல்களை மடக்குவார், அப்போது முடிக்க வேண்டும். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்குத் தடங்கல் இல்லை. இறக்கி எடு, இறக்கி எடு என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்.

பூங்காவுக்கு முந்தின நாள் மகள் போன் செய்தாள்.

"நைனா, நீ பாடப் போறியாமே? அம்மா சொன்னாங்க."

"மொற வந்துச்சி."

அவள் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது கூசியது. பிறகு சொன்னாள். "நாங்க எல்லாம் வர்றோம். மாமாவையும் கூட்டினு வர்றேன். பாடிட்டு, எறங்கி வந்து, ஒரு வார்த்தை கூப்ட்டுடு. அத்தோட முடிஞ்சிது. சரியா?"

"சரி."

"பாட்டு சொதப்பினாலும் பரவால்ல. கூப்புடறத சொதப்பாத."

அன்றைக்கு ராத்திரி பாட்டை விட்டுவிட்டு அந்த வார்த்தையைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் பொன்னேரி பஸ் ஏறினோம். பெண்கள் எல்லோரும் நீலச் சேலை. ஒரே நீலம் இல்லை. அவரவர் வீட்டில் இருந்த நீலம். ஏரி மாதிரியே இருந்தது, ஒரு இடத்தில் வெளுத்து, ஒரு இடத்தில் கறுத்து. நாங்கள் வெள்ளைச் சட்டை. என் சட்டையில் பாச்சை உருண்டை வாசனை. கண்டக்டர் கேட்டார். "இன்னா, பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"பாட்டுப் பாட" என்றாள் ஒருத்தி.

"எங்க?"

"பார்க்குல."

"யாருக்கு?"

"இருக்கறவங்களுக்கு" என்றாள். பஸ்ஸே சிரித்தது. பாதி வழியில் பாடவும் ஆரம்பித்துவிட்டார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தி, கம்பியில் காசால் தட்டித் தாளம் போட்டார்.

பூங்காவில் வேப்ப மரங்கள், சிமெண்டு பெஞ்சுகள், பிள்ளைகளுக்கு ஊஞ்சல். ஒரு ஓரத்தில் தரையில் எட்டு மாதிரி பாதை போட்டிருந்தார்கள். சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று ஆட்கள் அதில் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். கேட்டுக்கு வெளியே பஜ்ஜி வண்டி. வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"எந்தக் கட்சி?"

"கட்சி இல்ல. பாட்டு" என்றார் நர்சம்மா.

"இன்னாத்துக்கு?"

"சும்மா."

அவர் நம்பவில்லை. ஆனாலும் கேட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு எங்களைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

நாங்கள் வரிசையாக நின்றோம். நின்றபின் பார்த்தால் எங்களுக்கு எதிரே காம்பவுண்டு சுவர். ஆட்களெல்லாம் முதுகுப் பக்கம். காற்று கிழக்கிலிருந்து வந்தது. யாரும் சொல்லாமலே நாங்கள் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றுவிட்டோம். தோணியில் கத்துகிறவன் அப்படித்தான் நிற்பான். நர்சம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "செவுத்துக்கா பாட வந்தோம்? திரும்புங்க, திரும்புங்க." திரும்பினோம். காற்று வாயில் அடித்தது.

மகள் வந்துவிட்டிருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. மாப்பிள்ளை, சம்பந்தியம்மா, கடைசியில் சம்பந்தி. வேப்ப மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சம்பந்தி இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நண்டுப் பாட்டு முதலில். பிள்ளைகள் ஊஞ்சலை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். எங்கள் பெண்களில் ஒருத்தி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து காட்டினாள். அது பழகாதது, அவளாகவே செய்தாள். பிள்ளைகளும் பக்கவாட்டில் நடந்தார்கள். அடுத்தது மழைப் பாட்டு. அதுவும் நன்றாகப் போயிற்று. பஜ்ஜிக்காரர் கரண்டியோடு கேட்டில் நின்றார்.

பிறகு ஏரிப் பாட்டு. நர்சம்மா தலையாட்டினார். நான் முன்னால் வந்தேன்.

மணலில் பழகும்போது நர்சம்மாவைப் பார்த்து நிற்பேன். இங்கே ஜனங்களைப் பார்த்து நிற்க வேண்டும். அப்படி நின்றால் நர்சம்மா என் முதுகுக்குப் பின்னால். கை தெரியாது. இதை யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

எடுத்தேன். *உப்புத் தண்ணி ஒரு பக்கம்.*

உச்சிக்குப் போய்விட்டது. வேப்ப மரத்தில் இருந்த காக்கா பறந்தது. பின்னால் என் ஆட்கள் எட்டி எட்டிப் பிடித்தார்கள். ஆண்களுக்கு எட்டவில்லை. பெண்கள் மட்டும் கால் கட்டை விரலில் நின்று பாடினது போல் இருந்தது. இரண்டாவது அடி எடுத்தேன். *நல்ல தண்ணி* என்ற இடத்தில் குரல் அறுந்தது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. நின்றுவிட்டேன்.

பாட்டும் நின்றுவிட்டது.

நர்சம்மாவின் குரல் பின்னால் கேட்டது. "எடுங்க, எடுங்க! யாராச்சும் எடுங்க!" அந்த நல்ல குரல்காரிகள் இரண்டு பேரும் அங்கேதான் நின்றார்கள். ஒருத்தி எடுத்திருந்தால் அத்தோடு சரியாகியிருக்கும். எடுக்கவில்லை. யாரும் எடுக்கவில்லை. என் முறை. அவர்கள் வலையை இறக்க மாட்டார்கள். அப்படியே நின்றார்கள், நீலச் சேலையும் வெள்ளைச் சட்டையுமாக, காற்று அடித்துக்கொண்டிருந்தது.

பூங்காவில் இருந்தவர்கள் பாட்டு அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். கை தட்டினார்கள். ஒருவர், "சின்னதா இருந்தாலும் நல்லாருந்துச்சி" என்று பக்கத்து ஆளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

நான் மகளைப் பார்க்கவில்லை. பார்த்தால் தரையில் உட்கார்ந்துவிடுவேன் என்று தோன்றியது.

"மாமா," என்றான் மச்சினன் பின்னாலிருந்து மெதுவாக. "எங்கியும் போவல நாங்க. நிக்கறோம்."

"எறக்கி எடு" என்றாள் மனைவி. "நர்சம்மா எத்தினி தபா சொன்னாங்க? எறக்கி எடு."

கை தட்டல் நின்றது. அப்போதுதான் பெஞ்சுப் பக்கம் பார்த்தேன். சம்பந்தி தலையைத் தூக்கியிருந்தார். என்னை நேராகப் பார்த்தார். உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து மெல்ல இறக்கினார். மடையில் தண்ணீர் அதிகமாக வந்தால் குறை என்று தூரத்து ஆளுக்குக் காட்டுகிற கை. இன்னொரு தடவை இறக்கினார்.

அந்தக் கை எங்கே நின்றதோ அங்கே எடுத்தேன்.

*உப்புத் தண்ணி ஒரு பக்கம்.*

சரியாக விழுந்தது. எனக்கே தெரிந்தது. பின்னால் என் ஆட்கள் வாங்கினார்கள் பாருங்கள், அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியது போல இருந்தது. மணலில் ஒரு நாளும் அப்படிப் பாடினதில்லை. காற்று எதிரே இருந்ததும் தெரியவில்லை. நண்டு வந்தது, நாரை வந்தது, மேகம் வந்தது. என் மார்புக்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எட்டுப் பாதையில் நடந்தவர்கள் தாளத்துக்குக் கால் வைத்தார்கள். ஒரு தடித்த ஐயா கையை வீசி வீசி நடந்தார். பஜ்ஜி கருகுகிற வாசனை வந்தது, பஜ்ஜிக்காரர் நகரவில்லை.

மூன்று அடுக்கும் முடிந்தது. இப்போது பாட்டை முடிக்க வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை. அது நர்சம்மாவின் விரலில் இருந்தது. விரல் என் முதுகுக்குப் பின்னால். நிறுத்தினால் மறுபடியும் அறுந்துபோயிற்று என்று நினைப்பார்களே என்று பயம். திரும்ப முதல் அடியை எடுத்தேன். ஆட்கள் வாங்கினார்கள். நர்சம்மா விரலை மடக்கி மடக்கிக் காட்டினாராம், பிறகு மனைவி சொன்னாள். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் முறைக்காரன் முடிக்காமல் மற்றவர்கள் எப்படி முடிப்பது? நான் எடுத்தேன், அவர்கள் வாங்கினார்கள். நண்டு, நாரை, மேகம். திரும்ப உப்புத் தண்ணீர். பூங்காவில் இருந்தவர்களுக்கும் பாட்டு மனப்பாடம் ஆகிவிட்டது. அவர்களும் வாங்கினார்கள். எட்டுப் பாதையும் வாங்கியது. என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நர்சம்மா விரலை மடக்குவதை விட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார் என்கிறார்கள். நான் பார்க்கவில்லை. நான் பாடிக்கொண்டிருந்தேன்.

வாட்ச்மேன் விசில் ஊதினார். கேட் மூடுகிற நேரம்.

அப்போதுதான் நிறுத்தினேன்.

கை தட்டினார்களா என்று நினைவில்லை. காதில் ஒரே இரைச்சல். நர்சம்மா வந்து, "தம்பி, உன்ன ஆரம்பிக்க வெக்கவும் முடியல, நிறுத்தவும் முடியல" என்றார். வாட்ச்மேன் என் தோளைத் தட்டி, "கட்சி வெச்சா சொல்லு" என்றார். மச்சினன் பக்கத்தில் வந்து நின்றான். அவனிடம் கேலி எதுவும் இல்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சம்பந்தி எழுந்து என்னிடம் நடந்து வந்தார். பின்னால் மகள்.

"இன்னா சம்பந்தி," என்றார், "முடிக்கத் தெரியாதா?"

"ஆரம்பிக்கவே தெரியாது."

அவர் வாய் கொஞ்சம் கோணியது. அது அவருக்குச் சிரிப்பு. ஒரு வார்த்தை என்று மகள் சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, புருவத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள்.

இத்தனை நாள் அந்த வார்த்தை தொண்டையிலேயே உட்கார்ந்திருந்தது. பாடின தொண்டை சூடாக இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"வாங்க! வளைகாப்புக்கு ஊட்டுக்கு வாங்க! நான் கூப்புடறேன்! குடும்பத்தோட வாங்க!"

பாடின சத்தம் இன்னும் இறங்கவில்லை. அது எனக்குத் தெரியாது. பூங்கா முழுக்கக் கேட்டது. வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எட்டுப் பாதையில் கையை வீசி நடந்த அந்த ஐயா நின்று, "எந்த ஊரு? எப்போ?" என்று கேட்டார். பஜ்ஜிக்காரர், "நானும் வரலாமா?" என்றார்.

"வாங்க" என்றேன். கேட்டுவிட்ட பிறகு வேறு என்ன சொல்வது? ஊரையும் நாளையும் மச்சினன் சொல்லிவிட்டான்.

சம்பந்தி காதைத் தேய்த்துக்கொண்டார். "நான் பக்கத்துலதான் நிக்கறேன்" என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "கூப்ட்டாரு" என்றார். தீர்ப்பு மாதிரி. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நான் கிட்டே போய்ப் பார்த்தேன். இரண்டும்.

"இன்னா கொழம்பு வெப்பீங்க?" என்று கேட்டார் சம்பந்தி.

"எறா."

"கத்திரிக்கா போட்டா, போடாமயா?"

"போட்டு."

"அப்ப கத்திரிக்கா நான் கொண்டாறேன். வாங்காதீங்க."

எங்களுக்குள் அவ்வளவு நீளமாகப் பேச்சு நடந்தது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும் பஸ்ஸில் எல்லோரும் பாடிக்கொண்டே வந்தார்கள். நான் பாடவில்லை. தொண்டை கட்டிவிட்டது. ஒரு வாரம் தோணியில் கையாலேயே பேசினேன். வித்தியாசம் தெரியவில்லை என்று மச்சினன் சொன்னான். பழையபடி ஆகிவிட்டான்.

வளைகாப்பு அன்று காலையில் டிராக்டர் சத்தம் கேட்டது. எங்கள் தெருவுக்குள் டிராக்டர் வருவதில்லை. வெளியே வந்து பார்த்தேன். முன்னால் டிரைவர் பக்கத்தில் சம்பந்தி, புது வேட்டி. பின்னால் பெட்டியில் ஜமக்காளம் விரித்து அவர் ஊரே உட்கார்ந்திருந்தது. நடுவில் கத்திரிக்காய் மூட்டை. அதற்குப் பின்னால் மாப்பிள்ளை ஒரு காரில் மகளை மெதுவாகக் கூட்டிவந்தான். அதற்கும் பின்னால் ஒரு ஸ்கூட்டரில் பூங்காவில் கையை வீசி நடந்த ஐயா, அவர் வீட்டம்மாவோடு. வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார்.

சம்பந்தி இறங்கினார். செருப்பைக் கழற்றினார். எங்கள் வாசலில் காலை வைத்தார்.

என் மனைவி வாசலில் நின்று பெட்டியிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிற ஆட்களைப் பார்த்தாள். கணக்குப் போட்டதை விட எத்தனையோ மடங்கு. உள்ளே அடுப்பில் இருந்த குண்டானைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ கூப்ட்ட சத்தத்துக்கு," என்றாள், "இவ்ளோ பேரு கம்மிதான்."

போய் இன்னொரு அடுப்பு மூட்டினாள்.